‘லெட்’ எனக்குத் தெரிந்த சொல்

சென்ற வருடம், நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு நாள் அழைத்திருந்தார்கள். நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்க்கக் கணினியிலேயே வசதி வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தைக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் தமிழ் வந்து நிற்கிறது. பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த ஒருவர், “மேடம், உங்க சர்வீஸ்ல உங்களை ரொம்பப் படுத்தின வார்த்தை எது?” என்று கேட்டார். சட்டப் புத்தகத்துச் சொல் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். “லெட்” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் வருகிற சொல் அல்லவா? அங்கே விளக்க நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் கருங்குழி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்தேன், இரண்டு மொழியிலும் தட்டச்சு பாஸ் செய்தேன், அரசுத் தேர்வு எழுதினேன். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சிவில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். கீழ்க் கோர்ட்டுகளில் எல்லாம் தமிழிலேயே நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்த சமயம் அது. பீரோக்களில் இருந்த பழைய ஆங்கிலப் பத்திரங்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வர ஆரம்பித்தன. எங்கள் மேசை என்றால் என்னுடையதும் காதர் சாருடையதும்.

காதர் சார்தான் பிரிவுக்கு மூத்தவர். வெயில் கொளுத்தினாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். பியூனிலிருந்து முன்சீப் வரை எல்லோருக்கும் ‘நீங்க’தான். தப்பு என்று ஒருவரையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சொல் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். அந்தப் புள்ளியை நாமே பார்த்து, நாமே யோசித்து, நாமே மாற்ற வேண்டும். மாற்றியது சரியென்றால் புள்ளியை அழித்துவிடுவார். சரியில்லை என்றால் புள்ளி அங்கேயே இருக்கும். முதல் மாதத்தில் என் தாள்கள் அம்மை போட்ட மாதிரி இருந்தன.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தார். மூலத்தில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும். தமிழிலும் அதே எண். பொருள் சந்தேகமாக இருக்கிற சொல்லின் கீழ் கோடு போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் மொழிபெயர்ப்பில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். கோடு போட்ட சொல் வந்ததும் நின்று அகராதியைப் பார்ப்போம். கடைசியில் நான் ‘மொழிபெயர்த்தவர்’ என்று கையெழுத்துப் போடுவேன், அவர் ‘ஒப்பிட்டவர்’ என்று போடுவார். அந்த இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால் அந்தத் தமிழ்தான் கோர்ட்டுக்கு ஆவணம். நல்ல முறைதான். கோடு போடாத சொல்லில் நிற்க மாட்டோம் என்பது மட்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்போதுதான் அந்தப் பாதை வழக்கு வந்தது.

திருவிடந்தைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் பெரிய சவுக்குத் தோப்பு. பெண்கள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் இருக்கும் கிணற்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதை வழியாக ரோட்டுக்கு வந்து, திருப்போரூர் போகிற முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் நிறைய வரத் தொடங்கியதும், சென்னையில் இருந்த ஒருவர் அந்தத் தோப்பை வாங்கி, தங்கும் விடுதி கட்டப் போகிறேன் என்று சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார். பெண்கள் கடற்கரை மணலிலேயே வடக்கே ஒரு மைல் நடந்து, வேறு சந்து வழியாகச் சுற்றி வர வேண்டியதாயிற்று. முதல் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்குள் மீன் தளர்ந்துவிடும். குப்பத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.

அந்தத் தோப்பின் மிகப் பழைய கிரயப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ ஒரு துரை விற்றபோது எழுதியது. மடித்த இடங்களில் காகிதம் பிளந்திருந்தது, மை பழுப்பேறி இருந்தது. எழுத்தைப் படிப்பதே பாதி வேலை. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தேன். பதினேழாவது வரியில், குப்பத்து மீனவர்கள் கிணற்றை ஒட்டிய நடைபாதையில் இதுவரை போலவே ‘வித்தவுட் லெட்’ போய்வருவார்கள் என்று இருந்தது.

‘இதுவரை போலவே’ என்று நான் எழுதியதற்கு மூலத்தில் இருந்தது ஒரு பழைய சொல். அதன் கீழ் கோடு போட்டேன். ‘லெட்’டின் கீழ் போடவில்லை. அதற்கு எதற்குக் கோடு? செங்கல்பட்டில் ரயிலடிக்குப் போகிற வழியெல்லாம் வீட்டு வாசலில் ‘டு லெட்’ என்று பலகை தொங்கும். வாடகைக்கு விடப்படும். நம் தமிழிலேயே அப்படித்தானே? உள்ளே விடு என்பதற்கும் ‘விடு’, வாடகைக்கு விடு என்பதற்கும் அதே ‘விடு’. இது நிலம் பற்றிய பத்திரம். ஆகவே ‘குத்தகையின்றிப் போய்வருவார்கள்’ என்று எழுதினேன். காதர் சார் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பதினேழாவது வரியில் கோடு போட்ட சொல்லுக்கு நின்றோம், அகராதி பார்த்தோம், மேலே போனோம். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

வழக்கு விசாரணை நடந்த ஒரு நாள், ஒரு ஆவணக் கட்டை ஒப்படைக்க ஹாலுக்குப் போயிருந்தேன். கூண்டில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வழக்குப் போட்டவர்களில் அவள்தான் எல்லா வாய்தாவுக்கும் வருகிறவள். தோப்புக்காரருடைய வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார்.

“தோப்புக்காரங்க உங்களைப் போக விட்டாங்க, அதனால போனீங்க. சரிதானே?”

“யாரு வுட்டாங்க?”

“தோப்புக்குச் சொந்தக்காரங்கம்மா.”

“அவங்க இன்னா வுடறது? நாங்க போனோம். எங்க மாமியாக்காரி போனா, அவளுக்கு மின்ன இருந்தவங்க போனாங்க. யாரும் வுடலை, யாரும் புடிக்கலை.”

“ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் முன்சீப்.

“இல்லை சாமி.”

ஹாலில் சிலர் சிரித்தார்கள். நானும்தான்.

வாதம் நடந்தபோது அதே வக்கீல் என் மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்தார். “குத்தகையின்றி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. குத்தகை கிடையாது, வாடகை கிடையாது. அதாவது பாத்தியதை எதுவும் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலத்துச் சொந்தக்காரர் தயவு பார்த்து நடக்க விட்டிருக்கிறார். தயவை அடுத்த சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.” குப்பத்துக்காரர்களின் வக்கீல் அஞ்சலையின் சாட்சியத்தையே திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவரும் அந்தத் தமிழைத்தான் கையில் வைத்திருந்தார். பத்து நாள் கழித்துத் தீர்ப்பு என்று சொல்லி எழுந்துவிட்டார் முன்சீப். இதையெல்லாம் பெஞ்ச் கிளார்க் என்னிடம் வந்து சொன்னார். “உங்க ட்ரான்ஸ்லேஷன்தாம்மா கேஸையே முடிச்சுது” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தீர்ப்புக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, காதர் சாரின் மருமகன் ஜாபர் ஆபீசுக்கு வந்தார். துபாய்க்குப் போக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய நிக்காஹ் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்றித் தர வேண்டும். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாராம்.

“மாமா, ஒரு எழுத்து மாறினாலும் பேஜாராப் பூடும்னு சொல்றாங்க.”

“எஸ்தரம்மா பார்த்துப்பாங்க. நீங்க போய் நாஸ்தா பண்ணிட்டு வாங்க” என்று பாஸ்போர்ட்டை என் மேசையில் வைத்தார் காதர் சார்.

அதுவரை நான் பாஸ்போர்ட்டைக் கையில் தொட்டதில்லை. ஆசையாக முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இதை வைத்திருப்பவரைத் தங்குதடை இல்லாமல் போக அனுமதிக்கும்படி, சம்பந்தப்பட்ட எல்லோரையும் குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்கிற வாசகம். ஆங்கிலத்தில், ‘அலவ்’ என்று ஒரு தரம் வருகிறது. அப்புறம் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று வருகிறது.

முதலில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது. போக அனுமதியுங்கள், அனுமதி இல்லாமல்? அப்படி எழுத மாட்டார்களே. போக அனுமதியுங்கள், குத்தகை இல்லாமல்? துபாய்க்குப் போகிறவருக்கு என்ன குத்தகை? ‘ஹிண்ட்ரன்ஸ்’ என்றால் தடை. பத்திரங்களில் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதுவது வழக்கம். அப்படியென்றால் இந்த ‘லெட்’டும் தடைதான். தடையின்றி. குப்பத்து மீனவர்கள் தடையின்றிப் போய்வருவார்கள்.

பாஸ்போர்ட்டை மூடி வைத்தேன்.

நான் உடனே எழுந்து சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சொல்லவில்லை. ஜாபரின் சான்றிதழை ஒரு பிழை இல்லாமல் தட்டிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வரை வேறு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தரமாகாத வேலை. எங்கள் தெருவிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் பெண் நான். ஒரு வருடத்திலேயே தப்பாக எழுதினாள் என்று அனுப்பிவிட்டால், அப்பா கருங்குழியில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? யாருக்குமே தெரியாதே, வக்கீல்களே கேட்கவில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் நினைத்ததே தப்பாக இருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். அதற்கு அகராதியைப் பார்த்தால் போதும். பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அஞ்சலை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு என்றைக்கு என்று கேட்க வந்திருந்தாள். நான் உள்ளே போகும்போது நிறுத்தினாள்.

“அம்மா, தேதி இன்னா சொல்லிக்கிறாங்க?”

சொன்னேன்.

“அன்னிக்குக் கொஞ்சம் லேட்டா வந்தா பரவால்லியா? இப்பல்லாம் சுத்தி வரணுமா, எங்களுக்கு ரெண்டாவது பஸ்ஸுதான்.” கோர்ட் நேரத்தைத் தவறவிட்டால் தீர்ப்பு தனக்கு எதிராகப் போய்விடுமோ என்பதுதான் அவள் கவலை. காலில் முழங்கால் வரை மணல் ஒட்டியிருந்தது.

உள்ளே போய்க் கைப்பையைக்கூட வைக்காமல் காதர் சார் முன்னால் நின்றேன்.

“சார், பதினேழாவது வரி. ‘லெட்’ தப்பு.”

அவர் எந்தப் பத்திரம் என்று கேட்கவில்லை. நகலை எடுத்து அந்த வரியைப் படித்தார். பாஸ்போர்ட்டில் பார்த்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“எப்போ பார்த்தீங்க?”

“நேத்து மத்தியானம் சார்.”

அந்த மத்தியானத்துக்கும் இந்தக் காலைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “வாங்க” என்று எழுந்தார்.

எங்கள் மேசையில் இருந்தது கையடக்க அகராதி. வக்கீல்கள் உட்காரும் நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஒன்று இருந்தது. அதை மேசையில் விரித்து வைத்து இருவரும் குனிந்து படித்தோம். ‘லெட்’ என்பது ஒரு சொல் இல்லை. இரண்டு சொற்கள், தனித்தனி எண் போட்டு இரண்டு பதிவுகள். முதலாவது நம் எல்லோருக்கும் தெரிந்தது. போகவிடு, விட்டுவை, நிலத்தையும் வீட்டையும் பிறர் கையில் விடு. அதிலிருந்துதான் வாடகைக்கு விடுவது வந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பொருள் தடு, தாமதப்படுத்து. அது ‘லேட்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு உறவு. ஒருவனைத் தாமதமாக்குவதுதான் தடுப்பது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறாக ஒலித்திருக்கின்றன. வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்து ஒரே எழுத்தில் வந்து நின்றுவிட்டன. ஒன்று ‘விடு’, மற்றது ‘விடாதே’. இரண்டாவது வழக்கொழிந்து போய், சில பத்திர வாசகங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று போட்டிருந்தது.

காதர் சார் அந்தப் பதிவை இரண்டு தடவை படித்தார். “என் பென்சில் இங்க நிக்கவே இல்லையே” என்றார், தனக்குத்தானே.

“நான் எழுதிக் கொடுத்துடறேன் சார். மொழிபெயர்த்தது நான்தானே.”

“ஒப்பிட்டது யாரு?”

“உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வர நேரம் சார்...”

“அதனால?” முதல் தடவையாக அவர் குரலில் காரம் இருந்தது. “எஸ்தரம்மா, இத்தனை வருஷத்துல என் கையெழுத்துப் போன தாள் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு நான் சொல்லிக்குவேன். உண்மைதான், திரும்பி வரலை. எல்லாம் சரியா இருந்துச்சுன்னு அதுக்கு அர்த்தமா? உட்காருங்க. நோட் எழுதுவோம்.”

நோட்டை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்ன ஆவணம், இன்ன வரி, எழுதியது இது, எழுதியிருக்க வேண்டியது ‘தடையின்றி’, அகராதியின் பக்க எண், பிழைக்குக் கீழே கையெழுத்திட்டுள்ள இருவரும் பொறுப்பு. வருந்துகிறோம் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அடித்துவிட்டேன்.

முன்சீப் அறைக்கு இருவரும் போனோம். அவர் காதர் சாரைவிட வயதில் மிகவும் இளையவர், காலையில் டென்னிஸ் ஆடிவிட்டு வருகிறவர். நோட்டைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

“தீர்ப்புல பாதி டிக்டேட் பண்ணிட்டேன். இந்த வார்த்தையை வெச்சுத்தான் பண்ணியிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?”

மூலப் பத்திரத்தை வரவழைத்து அவரே பூதக்கண்ணாடியில் பார்த்தார். அகராதிப் பக்கத்தைப் பார்த்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது.

“சர்வீஸ் போடறப்ப பந்து வலையில உரசிட்டுப் போனா ‘லெட்’னு கத்துவோம். இன்னொரு தடவை போட விடுன்னு அர்த்தம்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். வலை தடுத்துடுச்சுன்னுதான் அர்த்தமா இருக்கும் போல” என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, “ரெண்டு பேருக்கும் மெமோ வரும்” என்றார்.

வழக்கை மறுபடி எடுத்து, திருத்திய மொழிபெயர்ப்பை இரு தரப்புக்கும் கொடுத்து, மறுபடி வாதம் கேட்டார். தோப்புக்காரரின் வக்கீல் வராந்தாவில் காதர் சாரைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்தான் பாய். கோர்ட் கொடுத்த தமிழ், அதைத் திருத்தறது என் வேலையா?” காதர் சார், “இல்லைங்க. எங்க வேலைதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தீர்ப்பு குப்பத்துக்குச் சாதகமாக வந்தது. பழைய சொந்தக்காரர் தடுக்க மாட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பாதை, அது உரிமை, தயவு இல்லை. பாதை அளவுக்கு முள்கம்பியை எடுக்க வேண்டும். கூண்டில் அஞ்சலை சொன்ன ‘நாங்க போனோம்’ என்பதை முன்சீப் தீர்ப்பில் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்.

எங்களுக்கும் மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தோம். எனக்கு நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. காதர் சாருக்கு ஒரு கண்டிப்பு, பதிவேட்டில் ஏறியது. ஓய்வு பெறுகிற வாரத்தில் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “அரசாங்கத் தமிழ். ரெண்டு இடத்துல ஒற்று இல்லை” என்றார். அவருடைய அந்தப் பென்சிலை வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன், கேட்கத் தயக்கமாக இருந்தது.

கம்பியை எடுத்த பிறகு, ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையைப் பார்க்கப் போனேன். காலை வெயிலிலேயே மணல் சுட்டது. கரையில் அஞ்சலை கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சொல்லாமல் திரும்பக் கூடாது என்று நினைத்து வந்திருந்ததால் சொல்லிவிட்டேன். முதலில் தப்பாக எழுதியது நான்தான், ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், அதனால் பாதை போயே போயிருக்கும்.

அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். “அப்ப எங்க வழி அந்த ஒத்தை வார்த்தையிலதான் இருந்துச்சா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“இவ்ளோ வருசமா நடந்து நடந்து பள்ளமே வியுந்து கீது. அது எந்த பாசையில எயுதணும்?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “பேசிகினே நின்னா பஸ்ஸு பூடும். ஒண்ணைத் தூக்கு” என்று ஒரு கூடையை என் பக்கம் தள்ளினாள்.

இடுப்பில் வைத்துத் தூக்கினேன். சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, கிணற்றைத் தாண்டி, அவள் முன்னால் வேகமாகப் போக, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். மீன் தண்ணீர் கூடையிலிருந்து வழிந்து, ஆபீசுக்கு என்று வைத்திருந்த மெல்லிய பருத்திப் புடவையை இடுப்பிலிருந்து கீழ் ஓரம் வரை நனைத்துவிட்டது. ரோட்டில் ஏறும்போது முதல் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

மாமல்லபுரத்தில் பஸ் மாறினேன். கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார வந்த ஓர் அம்மாள் பாதியில் திரும்பி வேறு இடம் பார்த்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய கூட்டமும் நின்றுகொண்டே வந்ததே தவிர என் பக்கம் வரவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நான் ஒருத்தியாக, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.